செல்லையன் வீட்டு ஹாரன்

காரைக்காலை ஒட்டிய மீனவர் ஊர் கிளிஞ்சல்மேட்டில் செல்லையன் வீட்டுக்குள் யாரும் சும்மா நடந்து போய்விட முடியாது. ஹாரன் அடிக்க வேண்டும். பெண்சாதி காசியம்மா அடுப்படியிலிருந்து கிளம்பும்போதே தொண்டையைச் செருமுவாள். காபி டம்ளருக்கு முன்னால் செருமல் வந்து சேரும். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று "செல்லையா, நாங்கதான்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்கள். விசைப்படகில் அவன்தான் டிரைவர். கூட வேலை பார்க்கும் ஆட்கள் அவன் படகோட்டுகிற வீல் ஹவுஸ் அறைப் பக்கம் வருவதற்கு முன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். விவரம் தெரியாத சொந்தக்காரன் ஒருத்தன், திருப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவன், பாசம் பொங்கப் பின்னால் போய்த் தோளில் கை போட்டான். போட்ட கையோடு சாக்கடையில் உட்கார்ந்திருந்தான். வேட்டி புதுசு.

ஆள் பொல்லாதவன் இல்லை, அதுதான் வேடிக்கை. ஐம்பத்தொரு வயது. சிரித்தால் மூக்கும் சேர்ந்து சிரிக்கும். சாராயம் மலிந்த காரைக்காலில் பிறந்து வளர்ந்து ஒரு சொட்டுக் குடிக்காமல் இருக்கிறான். அதற்கே ஒரு மெடல் கொடுக்கலாம். கடலில் மீன் கிடக்கும் இடத்தைச் சொன்னால் சொன்னதுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஏதாவது அசைந்தால் கை தானாகக் கிளம்பிவிடும். அப்புறம்தான் ஆள் திரும்புவான். அதற்கும் அப்புறம்தான் வருத்தப்படுவான்.

"சுனாமி பார்த்த உடம்பு" என்று ஊர் ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிட்டது. கிளிஞ்சல்மேட்டில் கோழி முட்டையிடாவிட்டாலும் சுனாமிதான் காரணம் என்பார்கள், அப்படிப்பட்ட அடி வாங்கிய ஊர். செல்லையனும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

இந்த ஹாரன் சட்டத்தில் ஒரே ஒருத்திக்கு விலக்கு உண்டு. மகள் முத்தமிழ். தவழ்கிற காலத்திலேயே பின்னாலிருந்து வந்து அவன் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றவள். அவன் திடுக்கிடவில்லை. காசியம்மா ஓடி வந்து பார்த்து, பிள்ளை முழுசாக இருக்கிறது என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து பதினெட்டு வருஷம் அந்தப் பெண் மட்டும் செருமாமல், தட்டாமல், சொல்லாமல் அப்பன் முதுகில் வந்து விழுந்தாள். உலகத்தில் தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அவள் சாய்கிறபோது மட்டும்தான் செல்லையனுக்குச் சந்தோஷமாகத் தெரியும்.

போன பொங்கல் முடிந்த மறுவாரம் அதுவும் போயிற்று.

கல்லூரியில் அவள் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருந்தாள். செல்லையன் கூடத்தில் உட்கார்ந்து போட்டின் எக்கோ பெட்டியைப் பிரித்து வயர் பார்த்துக்கொண்டிருந்தான். கடலுக்கடியில் மீன் கூட்டம் எங்கே கிடக்கிறது, தரை எவ்வளவு ஆழம் என்று திரையில் கோடு கோடாகக் காட்டுகிற பெட்டி அது. கவனமெல்லாம் அதில். முத்தமிழ் ஓடி வந்து பின்னாலிருந்து அவன் கண்ணைப் பொத்தினாள். கண் இருட்டியதும் அவன் முழங்கை பின்னால் போய்விட்டது. அவள் சுவரோடு போய் மோதி உட்கார்ந்தபோது மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி இல்லை.

மறுநாள் விடியற்காலையில் கடலுக்குப் போன செல்லையன் எட்டு நாள் கழித்துத்தான் வந்தான். வந்து கூடத்தில் உட்கார்ந்தான். பின்னால், பத்தடி தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, முத்து வர்றேன்."

மகளும் ஹாரன் அடித்துவிட்டாள். அன்றைக்குச் செல்லையன் சாப்பிடவில்லை. மறுநாளும் அவ்வளவாக இல்லை. இனி ஒருநாள் அவள் சொல்லாமல் வந்து தன் முதுகில் விழ வேண்டும், செத்தாலும் அதற்கப்புறம் சாகலாம் என்று நினைத்தான். யாரிடம் சொல்வது? வாயைத் திறக்கிற பழக்கம்தான் இல்லையே.

பெண்ணுக்கோ வாய் இருந்தது, பாதிப் பல் போனாலும்; சிரிக்கும்போதுதான் கையால் பொத்திக்கொள்வாள். முத்தமிழின் கல்லூரிக்கு அஃப்ரா என்று ஒரு சைக்காலஜிஸ்ட் பேச வந்திருந்தாள். பெங்களூரில் படித்துவிட்டு வந்து, காரைக்கால் பாரதியார் வீதியில் தன் வாப்பா சேக் அலாவுதீனின் பாரின் சாமான் கடை மாடியில் சிகிச்சை நடத்துகிற முப்பத்தோரு வயசுக்காரி. வருஷக்கணக்கில் அடியும் பயமுமாக வளர்ந்தவர்களுக்குக் காயம் ஆறினாலும் மூளை காவல் காப்பதை நிறுத்தாது என்றாள். மூளையின் அலையைப் படமாகக் காட்டி, அதை அடங்கப் பழக்குகிற மிஷின் ஒன்று இருக்கிறது, கூடவே உட்கார்ந்து பேசவும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் பலருக்குப் பலன் தெரிகிறது என்றாள். முத்தமிழ் நேராக வீட்டுக்கு வந்து, பத்தடியில் நின்று ஹாரன் அடித்து, விஷயத்தை அப்பனுக்குப் புரிகிற பாஷையில் விற்றாள்.

"தலைக்கு எக்கோ வச்சுப் பாக்குறாங்கப்பா. உன்னுது மாதிரியேதான். மூளைக்குள்ள ஓடுறதெல்லாம் கோடு கோடா தெரியுது."

"எத்தன பாகம் இறங்குமாம்?" என்றான் செல்லையன் உடனே. கடலில் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள்.

"நீயே வந்து கேட்டுக்க."

தூண்டிலில் இரை சரியாகக் கோத்திருந்தாள். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகெல்லாம் இரண்டு மாதம் கரையில் கிடக்கும். தொழில் நாணயம் உள்ள எந்த டிரைவருக்கும் புது எக்கோவை எட்டிப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. ஆனால் வாசல்படியிலேயே ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. முப்பது பாகத்துக்குக் கீழே கிடக்கிற மீனையே இவன் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும். தலைக்குள் நாலு அங்குலம் எம்மாத்திரம்? உள்ளே கிடப்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே!

ஆகவே போகும்போது கால் பாட்டில் தேங்காய் எண்ணெயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் எக்கோ சரியாக எடுக்காது என்பது அவன் சொந்தக் கண்டுபிடிப்பு.

அஃப்ரா பசை தடவி மண்டையில் ஒட்டிய வயர், வழுக்கிக்கொண்டு காதோரம் வந்தது. மறுபடி ஒட்டினாள். மறுபடி இறங்கி வந்தது.

"அண்ணே, அடுத்த தடவை எண்ணெய் வைக்காம வாங்க."

"சரிங்க டாக்டரம்மா."

"டாக்டர் இல்லண்ணே, சைக்காலஜிஸ்ட்."

"சரிங்க டாக்டரம்மா."

அடுத்த தடவை அரைப் பாட்டில். அஃப்ரா கீழே கடைக்குப் போய் வாப்பாவிடம் ஷாம்பு வாங்கி வந்து, மாடிக் குழாயடியில் அவனை உட்கார வைத்து, "முன்னாலதான் நிக்கிறேன், இப்ப தண்ணி ஊத்தப் போறேன்" என்று ஹாரன் அடித்துவிட்டுத் தலையைக் கழுவிவிட்டாள். துபாய் ஷாம்பு வாசனையோடு வீட்டுக்கு வந்தவனைக் காசியம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

மிஷின் என்று ஒன்றும் பிரமாதமில்லை. நாலு தீப்பெட்டியை அடுக்கின அளவில் ஒரு பெட்டி, ஒரு லேப்டாப், முன்னால் ஒரு டிவி. டிவியில் நீலத் தண்ணீரில் ஒரு படகு. மூளை அலை அடங்கினால் படகு தானாக ஓடும், பாட்டுச் சத்தம் வரும். விறைத்துக்கொண்டால் படகு நின்றுவிடும், பாட்டும் மங்கிவிடும். அவ்வளவுதான்.

செல்லையன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டான் என்பதால் நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டாயிற்று. அதனால் டிவியும் தெரியும், அஃப்ராவின் லேப்டாப்பில் ஓடுகிற கோடுகளும் தெரியும். ஒரு கண்ணால் படகைப் பார்த்தான்.

"இது யாரு கட்டுன போட்டு? முன்னால அணியம் இவ்ளோ தூக்கிக்கிட்டு நின்னா அலையில குப்புற விழுந்துடும்ல?"

"ஓட்டிப் பாருங்கண்ணே."

முப்பது வருஷ டிரைவர் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நாற்காலிக் கையை வீல் மாதிரித் திருகி ஓட்டினான். படகு அசையவில்லை. இன்னும் அழுத்தினான். நடுக்கடலில் நங்கூரம் போட்டது மாதிரி அப்படியே நின்றது. இரண்டு நாள் இந்தக் கூத்து. மூன்றாவது நாள், "போடி, நீயும் ஒரு போட்டா" என்று படகைப் பார்த்து வெறுத்துப்போய்ச் சாய்ந்து, கீழே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தத்தைக் கேட்டபடி ஒரு கொட்டாவி விட்டான். படகு சரசரவென்று கிளம்பியது.

"ஓடுதுடா!" என்று கத்தினான். படகு நின்றுவிட்டது.

அஃப்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும்தான். இருவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"கட்டிப் போட்ட போட்டுல இன்ஜினை முழு ரேஸ்ல வச்சிருக்கீங்கண்ணே, எத்தனையோ வருஷமா" என்றாள். "அதை ஐடிலுக்குக் கொண்டார மிஷின் பழக்கிவிடும். போட்டை எங்க கொண்டு போறதுங்கறத நாம பேசித்தான் முடிவு பண்ணணும். மிஷின் மட்டும் போதாது. அதோட, எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ணவும் மாட்டேன்."

அந்தப் பேச்சு நேரத்தில்தான் செல்லையன் ஊமையாகிவிடுவான். இருபது நிமிஷம் மிஷின், அரைமணி பேச்சு. அவளும் அவனுடைய படிவத்தில் 'சுனாமி' என்று எழுதி வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவன் "ஆமாங்க, பெரிய அலைங்க" என்பதோடு சரி. மிச்ச நேரமெல்லாம், உள்ளே கிடப்பது கோட்டில் தெரிந்துவிடாமல் இருக்க, மனசுக்குள் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தான். டுபுடுபு டுபுடுபு.

ஆறாவது நாள். எண்ணெய் இல்லாத தலை. படகு ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது. செல்லையனுக்கே தன் தோள் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. இன்ஜின் சத்தம் போடவும் மறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கீழே சேக் அலாவுதீன் மதிய லுஹர் தொழுகைக்குப் போக ஷட்டரைப் படாரென்று இழுத்து இறக்கினார்.

செல்லையன் தாடை இறுகியது. லேப்டாப்பில் கோடுகள் ஒரேயடியாகத் துள்ளி, திரை முழுக்கக் கறுப்பாக அடைத்துக்கொண்டது. எக்கோவில் இப்படி ஒரு அடைப்பை அவன் வாழ்நாளில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான்; இரண்டு தடவையும் வலை தாங்கவில்லை. தீர்ந்தது, அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தான்.

"சரிம்மா" என்றான், ஒரு பெருமூச்சோடு. "பாத்துட்டீங்க. இனிமே மறைச்சு என்ன? அது எங்க பெரியப்பாதான்."

அஃப்ரா திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எது, அண்ணே?"

"அந்தா, அடைச்சுக்கிட்டு நிக்கிறாரே. சுப்பையன்னு பேரு. எங்கப்பாவைக் கடல் கொண்டு போனப்ப எனக்கு ஒம்பது வயசு. நாலாங்கிளாஸ். அம்மாவும் அடுத்த வருசமே போயிட்டா. இவருதான் வளர்த்தாரு. ஏழு வருசம். கூப்புட்டு அடிக்க மாட்டாருங்க. கூப்புட்டு அடிச்சா தாங்கிக்கலாம். பின்னால வந்துதான் அடிப்பாரு. இல்லன்னா கையில கெடச்சதை எறிவாரு, செம்பு, கட்டை, ஈயக்குண்டு. எப்ப வரும்னு தெரியாது. சோறு திங்கறப்ப வரும். தூங்கறப்ப வரும். வலை இழுக்கறப்ப வரும். பதினாறு வயசுல கொச்சிக்கு ஓடிப் போயி போட்டுல ஏறுனேன். சுனாமிக்கு ரொம்ப முன்னாடியே நான் இப்படித்தாங்க. கரையிலேருந்து கயிறு எறிஞ்சா என்னால பிடிக்க முடியாது, குனிஞ்சிடுவேன். கயிறு பிடிக்க வேண்டாம்னுதான் டிரைவர் வேலை கத்துக்கிட்டு வீல் ஹவுஸுக்குள்ள போயி உக்காந்தேன். ஊர்ல எனக்குத் தலைக்கனம்னு பேசிக்கிறாங்க."

நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அஃப்ராவுக்கு ஒரு நிமிஷம் சங்கடம். சும்மா இருந்துவிட்டால் ஆள் இன்னும் சொல்வான். ஆனால் பொய்யின் மேல் உட்கார்ந்து எத்தனை நாள் பேசுவது? நாளைக்கு உண்மை தெரிந்தால் ஏழு வருஷம் பின்னாலிருந்து அடி வாங்கியவன் மறுபடி வாங்கின மாதிரி ஆகிவிடும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கோடு நீங்க பல்லைக் கடிச்சதால வந்தது. தாடை இறுகினா இப்படித்தான் துள்ளும். இந்த மிஷின்ல ஆளெல்லாம் தெரியாது. நினைப்பும் தெரியாது. மூளை வேகமா ஓடுதா மெதுவா ஓடுதான்னு மட்டும்தான் தெரியும்."

செல்லையன் லேப்டாப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"பெரியப்பா தெரியலையா?"

"தெரியலண்ணே."

"ஒரு பொடி மீன்கூட?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப நானாத்தான் உளறிட்டனா? தலையில ஊத்துன முக்கால் பாட்டில் எண்ணெயும் தெண்டமா?"

அவன் முதலில் சிரித்தானா, அவள் முதலில் சிரித்தாளா என்று சொல்ல முடியாது. செல்லையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காதில் மாட்டியிருந்த மிஷின் கிளிப் தெறித்து விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி சிரிப்பில் சேர்ந்ததில்லை. தொழுகை முடித்துத் திரும்பிய சேக் அலாவுதீன் படியில் நின்று, "என்னம்மா, வைத்தியம் நடக்குதா, கச்சேரி நடக்குதா?" என்று கேட்டார்.

"வலையைப் பாதி ஏத்திட்டு விடக்கூடாதும்மா, கிழிஞ்சிடும்" என்றான் செல்லையன். "மீதியையும் ஏத்திப்புடுவோம்."

ஏற்றுவது லேசாக இல்லை. அடுத்த வாரம் தூக்கமே போயிற்று. சோற்றுத் தட்டைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். கரையில் ஏற்றிக் கிடந்த போட்டின் வீல் ஹவுஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். "நல்லாப் போயிட்டிருந்த ஆளை என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்று காசியம்மா போனில் சத்தம் போட்டாள். அஃப்ரா சண்டைக்குப் போகவில்லை. "என் தப்புத்தான்க்கா, கொஞ்சம் வேகமாப் போயிட்டோம்" என்றாள். மிஷின் நேரத்தைப் பத்து நிமிஷமாகக் குறைத்தாள். பெரியப்பா பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்து, கால் தரையில் இருக்கிறதா, முதுகு சுவரில் இருக்கிறதா, இன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்கப் பழக்கினாள். அந்த அமைதி நிலைத்தபிறகு மறுபடி ஒரு கை வலையை இழுத்தார்கள், அப்புறம் இன்னொரு கை.

கடைசியில் வந்தது பெரியப்பா இல்லை.

"அவ பல்லு உடைஞ்சு உக்காந்திருந்தப்ப என்னைப் பாத்தா பாருங்க" என்றான் ஒருநாள். "அந்தப் பார்வை எனக்குத் தெரியும்மா. நான் பெரியப்பாவைப் பாக்குற பார்வை. அதான் எட்டு நாள் கடலுக்குப் போனேன். நான் அவராயிட்டேன்."

டிவியில் படகு நின்றுபோயிருந்தது. அஃப்ரா அதை அணைத்துவிட்டாள். அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். முடித்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க பெரியப்பா என்னைக்காவது அதுக்காக எங்கயாவது போயி உக்காந்து அழுதாராண்ணே?"

செல்லையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தாளா?" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நாற்பது வருஷ பாரம் ஒரு பக்கம் இறங்கியது.

அப்புறம் பந்து வந்தது. ஸ்பாஞ்சுப் பந்து. முதலில் "இப்ப எறியறேன்" என்று சொல்லி எறிந்தாள். அவன் குனிந்தான். இருபது தடவை குனிந்தான். இருபத்தோராவது தடவை பிடித்துவிட்டு, பந்தையே உற்றுப் பார்த்தான். பிறகு சொல்லாமல் எறிந்தாள். பந்து படியில் உருண்டு கடைக்குள் போய் செண்ட் பாட்டில்களுக்கு நடுவே விழுந்தது. சேக் அலாவுதீன் மூச்சு வாங்க மேலே கொண்டு வந்து, "வாங்கறதுன்னா பாட்டிலை வாங்குங்க, உடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு தடவை எறிந்து பார்த்தார். அவர் எறிந்ததுதான் ரொம்ப மோசம்; ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. ஆனால் அவருக்கு ருசி கண்டுவிட்டது. மறுநாளிலிருந்து செல்லையன் கடைக்குள் நுழைந்தால் கல்லாவிலிருந்து பேரீச்சம்பழ பாக்கெட் பறந்து வரும். "பிடி செல்லையா!" என்பார் முதலில். பிறகு "பிடி"யையும் விட்டுவிட்டார்.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது. முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பியபோது, துறைமுகத்தில் கரையிலிருந்து கயிறு வந்தது. செல்லையன் வீலை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கயிற்றைப் பிடித்தான். நல்ல பிடி ஒன்றுமில்லை, மூக்கில் பட்டுத்தான் கைக்கு வந்தது. ஆனாலும் போட்டில் இருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஏன் தட்டுகிறோம் என்று அதில் ஒருத்தனுக்கும் தெரியாது.

எல்லாம் சரிதான். வீட்டில் ஹாரன் நிற்கவில்லை.

அஃப்ரா சொன்னபடி அவன் ஒரு சாயங்காலம் மகளிடம் போனான். அவள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி நின்றான்.

"முத்து, அப்பா வர்றேன்."

முத்தமிழ் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் செல்லையன் ஹாரன் அடித்தது அதுதான் முதல் தடவை.

"உன் பல்லை உடைச்சது நான்தாம்மா."

"தெரியும்ப்பா. நானும் அங்கதானே இருந்தேன்."

"மன்னிப்பு கேக்காம கடலுக்குப் போயிட்டேன். தப்பு. உன்னை அடிக்கணும்னு கையி போகல. ஆனா போனது என் கையிதான்." பிறகு பெரியப்பாவைப் பற்றி, செம்பைப் பற்றி, கயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னான். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே சட்டையை நாலு தடவை மடித்தாள்.

"இனிமே நீ ஹாரன் அடிக்க வேண்டாம்மா."

"சரிப்பா" என்றாள். மறுநாள் காலை பத்தடியில் நின்று, "அப்பா, முத்து வர்றேன்" என்றாள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மனசு சரிங்குதுப்பா. கால்தான் அங்கயே நின்னுடுது."

அஃப்ராவிடம் போய் முறையிட்டான். "அவ காலுக்கு நம்ம ஆர்டர் போட முடியாதுண்ணே" என்றாள் அவள். "உங்க உடம்பு ஆறறதுக்கு நாள் எடுத்துக்கிச்சுல்ல? அவ உடம்புக்கும் அதுக்குண்டான நாளைக் குடுங்க." செல்லையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நியாயமாக இருந்தது.

ஆனி பௌர்ணமி வந்தது, மாங்கனித் திருவிழா வந்தது. பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் சாமி வீதியுலா வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் வீட்டு மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தைக் கூட்டத்தில் வீசுவார்கள். கீழே ஆணும் பெண்ணும் பெரியவரும் சிறியவரும் கையைத் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள். இத்தனை வருஷமாகச் செல்லையன் அந்த நேரத்தில் ஏதாவது டீக்கடையின் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். நாலாபுறமும் ஆள், தலைக்கு மேலே பறக்கிற பழம். அவனுக்கு அதைவிட நரகம் வேறில்லை.

இந்த வருஷம் பாரதியார் வீதியில், நட்டநடுவில் நின்றான். ஒரு பக்கம் காசியம்மா. முத்தமிழ் தோழிகளோடு எங்கோ பின்னால் கூட்டத்தில் கலந்துவிட்டாள். சேக் அலாவுதீன் தன் கடை மொட்டை மாடியை வருஷாவருஷம் பழம் வீசுகிற குடும்பங்களுக்குத் திறந்து விடுவார். இன்றைக்கு அவரும் அஃப்ராவும் கைப்பிடிச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சப்பரம் திரும்பியதும் வானமே மஞ்சளாகிவிட்டது. முதல் பழம் வந்தபோது செல்லையன் குனிந்துவிட்டான். பழம் யாரோ ஒருவரின் மொட்டைத் தலையில் பட்டுச் சிதறி, அவர் அதையும் வழித்துத் தின்றார். இரண்டாவது அவன் தோளிலேயே பொத்தென்று விழுந்தது. உள்ளே இன்ஜின் ஒரு உறுமு உறுமியது. கால் தரையில் இருக்கிறது. இன்றைக்கு வியாழன். தோளில் வழிவது மாம்பழச் சாறு. அவன் சிரிக்க ஆரம்பித்தான். காசியம்மா பயந்துபோய்ப் பார்த்தாள். அவன் மூக்கும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கையைத் தூக்கிக்கொண்டு அவனும் குதித்தான். பக்கத்திலிருந்தவரை இடித்தான், இடி வாங்கினான், "இந்தப் பக்கம் போடுங்கம்மா!" என்று மாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

மாடியிலிருந்து ஒரு பெரிய ருமானி மாம்பழம் புறப்பட்டது. நேராக அவனை நோக்கித்தான் வந்தது. கைக்கு ஒரு முழம் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. எம்பினான். எட்டவில்லை.

அந்த நிமிஷம் பின்னாலிருந்து யாரோ அவன் முதுகில் தாவி ஏறினார்கள். ஒரு கை தோளுக்கு மேலே பழத்தை நோக்கி நீண்டது, ஒரு முழங்கால் இடுப்பில் ஊன்றியது, ஒரு உள்ளங்கை நெற்றியை அமுக்கி, விரல்களால் இரண்டு கண்ணையும் மறைத்தது. செருமல் இல்லை, தட்டு இல்லை. முழங்கை போகவில்லை. செல்லையனின் இரண்டு கையும் தாமாகவே பின்னால் போய், ஏறின கால் வழுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"பிடிச்சிட்டேன்!" என்று காதுக்குள் ஒரு கத்தல். பிறகு அந்த உடம்பு விறைத்தது. "ஐயையோ... அப்பா! சொல்லாம வந்துட்டேன்ப்பா."

காசியம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். செல்லையன் திரும்பவில்லை. அவளை இறக்கிவிடவும் இல்லை.

"அதை விடு" என்றான். "பழம் நசுங்காம இருக்கா, அதைச் சொல்லு."

முத்தமிழ் பழத்தை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டி, வாயைப் பொத்தாமல், பாதிப் பல் தெரியச் சிரித்தாள். அவளைச் சுமந்துகொண்டே அவன் அடுத்த பழத்துக்காக மாடியைப் பார்த்தான்.